அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்.
இன்றைக்குப் பதினொன்று.
தராசுக் கொக்கியில் கொழுந்துச் சாக்கு ஆடி நிற்க,
கணக்கப்பிள்ளை பெரியண்ணன்
நிமிராமலே எழுதினார்:
எஸ்தர் ஞானப்பூ,
அரை.

போன ஐப்பசியில்
ஏழாம் நம்பர் மலையில் கான் தாண்டும்போது சறுக்கினேன்.
கூடை உருண்டு பணியப் போனது.
லிந்துலை ஆசுபத்திரியில் பிளாஸ்டர் போட்டார்கள்.
அதை வெட்டிய நாளில்
கை திரும்பி வந்தது,
இரண்டு விரல் வரவில்லை.
அவற்றுக்குப் பதிலாக ஒரு நடுக்கம் வந்தது.
தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால்
உள்ளே வட்டம் வட்டமாக அலை.

கேட்காமல் இல்லை, கேட்டேன்.
கோயில் சிமெந்துத் தரையில் முழங்கால் விறைக்க,
கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாய்க்குள்ளே,
பெரட்டுக்குப் போகிற இருட்டில் சத்தமாகவே.
இந்த இரண்டு விரலையும் மடக்கித் தாரும் ஆண்டவரே,
மூத்தவளுக்குச் சப்பாத்து வாங்கவேண்டும்,
கடைக்காரனிடம் தலைகுனிய ஏலாது.
பேரமும் பேசினேன்.
பிறகு கோபத்தில்
ஒரு மாதம் வாயே திறக்கவில்லை.
அவரும் திறக்கவில்லை.
ஸ்டோர் சங்கு மட்டும்
நேரம் தவறாமல் ஊதியது.

ஆடிக் காற்று
லயத்துத் தகரத்தைப் பிய்க்கிற ஒரு ராத்திரி
கதவைத் தட்டினார் கணக்கப்பிள்ளை.
குடையில்லை,
ஒரு காலில் செருப்பில்லை.
"வீட்டுக்காரிய நுவரெலியாவில வச்சிருக்கு.
சரியில்லன்னு போன் வந்துச்சு.
பாதையில மண் சரிஞ்சு கெடக்கு.
விடியிற மட்டும் ஒண்ணும் ஓடாதாம்."
வாசலிலேயே நின்றார்.
"எல்லா வீடும் இருட்டு.
ஒங்க காம்பராவிலதான் வெளிச்சம்."

வெளிச்சம் பக்தியால் இல்லை.
வலி.
மழைக்குளிரில் மணிக்கட்டு தூங்கவிடாது,
விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

"ஒங்க ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை."

சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்தவை
ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.
எழுந்து போய்
அவர் நனைந்த தலையில் கை வைத்தேன்.
வைத்த பிறகுதான் தெரிந்தது,
வலக்கை,
பதினொன்றுக்கு மேல் பறிக்காத கை.
அது நடுங்கியது.
அவர் தோளும் நடுங்கியது.
எது யாருடைய நடுக்கம் என்று
பிரிக்க முடியவில்லை.

நல்ல கையாக இருந்திருந்தால்
தட்டிக் கொடுத்திருக்கும்,
பயப்படாதீங்க என்று அழுத்தியிருக்கும்,
கெதியாக எடுத்துக்கொண்டு போயிருக்கும்.
இது மடங்கத் தெரியாத கை.
வைத்த இடத்தில்
திறந்தபடியே கிடந்தது.
ஆணி இறங்கிய கையும்
இப்படித்தான் மடங்காமல் இருந்திருக்கும்
என்று அப்போது ஒரு நினைப்பு.
அத்தோடு ஒரு பலம்,
என்னிடம் என்றைக்கும் இல்லாதது,
என்னைக் கேட்காமலே
என் வழியாக அவரிடம் போய்க்கொண்டிருந்தது.
நான் வெறும் பீலி.
தண்ணீர் எந்த மலையினுடையது என்று
பீலி கேட்குமா?

சொன்னது இவ்வளவுதான்:
"ஆண்டவரே, எங்களால ஏலாது."
எத்தனை முறை சொன்னேனோ.
விடியும்வரை மழை விடவில்லை.

பாதை திறந்தது.
மனைவியை உயிரோடு பார்த்தார்,
இரண்டு நாள்.

முப்பத்தொன்று முடித்து வேலைக்கு வந்தவர்
மறுபடி தராசடியில் நின்றார்.
என் சாக்கு பன்னிரண்டு காட்டியது.
பேனை கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது.
நான் அவரைப் பார்த்தேன்,
அவர் முள்ளைப் பார்த்தார்.
துரையின் கணக்கு துரையின் கணக்குத்தான்.
அரை என்று போட்டார்.
போட்டுவிட்டு,
"கை எப்பிடியிருக்கு?" என்றார்.
"அப்பிடியேதான் இருக்கு."

சப்பாத்து இன்னும் வாங்கவில்லை.
படங்கை அவிழ்த்துக் காயப்போட்டு
தேத்தண்ணி ஊற்றினேன்.
கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அலை.
இன்றைக்கு
அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை.
நாளைக்குக் கேட்பேனோ என்னவோ.